டாக்டர் குருசாமியும் எங்கள் மணியின் வலிப்பும்

கால்நடை மருத்துவர் குருசாமி மாரடைப்பில் காலமானார் என்று நேற்றுக் காலை பால்காரர் வந்து சொன்னார். திருமங்கலம் வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எங்களுக்கு அவர் பழக்கமானது ஒரு கிழட்டு நாயால்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், எங்கள் மணி கிணற்றடியில் விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டு நுரை தள்ளியது. வெறி பிடித்துவிட்டது, அடித்துப் போட்டுவிடலாம் என்றார் என் மாமனார். பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊசி போட வந்திருந்த டாக்டர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். நாய் எழுந்து நிற்கும்வரை அருகிலேயே இருந்தார்.

“இது வெறி இல்லண்ணே, வலிப்பு. மனுசருக்கு வர்ற மாதிரிதான்” என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்தார்.

வலிப்பு நின்றது. ஆனால் மணி பழைய மணியாக இல்லை. பின்னங்கால்கள் தள்ளாடின. பகலெல்லாம் தூங்கியது. தொட்டித் தண்ணீரைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தது. எவ்வளவு போட்டாலும் பசி அடங்காமல் மாட்டுப் புண்ணாக்கில் வாய் வைத்தது.

“மருந்தக் குடுத்தே கொல்லப் போறீக. நாளையிலருந்து நிறுத்து” என்றார் மாமனார்.

நான் மருத்துவமனைக்குப் போய் விவரம் சொன்னேன். டாக்டர் அன்று மாலையே வீட்டுக்கு வந்து மாமனார் எதிரில் உட்கார்ந்தார்.

“தப்பு என்னோடதுண்ணே. இந்த மருந்து இப்படியெல்லாம் செய்யும்னு மொதல்லயே சொல்லியிருக்கணும். வயசான உடம்பு, அம்புட்டு அளவு தாங்கல. குறைச்சுத் தாரேன். ஆனா திடீர்னு நிறுத்திராதீங்க. வலிப்பு அடுக்கடுக்கா வந்துரும்.”

“தண்ணி இப்படிக் குடிக்குதே?”

“அது இருக்கத்தான் செய்யும். தண்ணிய மட்டும் மறிச்சிராதீங்க.”

சில வாரங்களில் தள்ளாட்டம் குறைந்தது. தாகம் குறையவில்லை. மாமனாரே தொட்டியை நிரப்பத் தொடங்கினார். இரண்டு கோடை கழித்து மணியின் கண்கள் மஞ்சளாயின.

“ஈரல் கெட்டுருச்சு. நான் குடுத்த மாத்திரையும் காரணமா இருக்கலாம்” என்றார் டாக்டர்.

“குடுக்காம இருந்திருந்தா?” என்று கேட்டார் மாமனார்.

“அநேகமா வலிப்புலயே போயிருக்கும்ணே.”

மணி சில நாட்களில் இறந்தது. அதன்பின் எங்கள் மாடுகளுக்கு மாமனார் வேறு டாக்டரை அழைத்ததில்லை.

நேற்றுப் பிற்பகல் மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு என்னோடு வந்தார். டாக்டர் வீட்டிலிருந்து தெருமுனைவரை மாட்டுவண்டிகள் நின்றன. மாலையைப் போட்டுவிட்டு, டாக்டரின் காலடியில் வெகுநேரம் நின்றார். “உள்ளதச் சொன்ன மனுசன்மா” என்று டாக்டரின் மனைவியிடம் சொன்னார்.

அவிழ்த்துவிட்ட மாடுகள் தெருவில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றை மெல்ல ஒதுக்கி வழி செய்து டாக்டரைத் தூக்கிச் சென்றார்கள். எங்கள் வீட்டார் அனைவரின் கும்பிடு உங்களுக்கு, டாக்டர்.