பாதிக் குளியலில் வந்தவர்

குற்றால சீசன் நேரத்தில் எங்கள் பஸ் டிக்கெட் சர்வர் விட்டு விட்டு ஓடியது. பிராசசர் பாதி சும்மா கிடந்தும், ஒதுக்கிய நேரம் தீர்ந்ததென்று ஆபரேட்டிங் சிஸ்டம் எங்கள் புரோகிராமை நிறுத்தி வைத்தது. டிக்கெட் கிடைக்காதவர்கள் போனில் வைதார்கள்.

திருத்த வந்த தென்காசி இன்ஜினியர் தலையில் ஈரத்துண்டோடு வந்தார். பேசுமுன் அந்தத் துண்டாலேயே கண்ணாடியைத் துடைப்பார். அது இன்னும் மங்கும்.

"எங்க புரோகிராம்ல தப்பா அண்ணாச்சி?" என்று, அவர் கீபோர்டில் தட்டி முடித்ததும் கேட்டேன்.

"இல்ல. பிராசசருக்குள்ள வேல பாக்குத பல கோர் இருக்கு. சிஸ்டம் ஒவ்வொரு கோருக்கும் நேரத்தப் பிரிச்சுக் குடுக்குது. சும்மா கெடக்குத கோர்ல மிச்சம் காலாவதியாயிருது. வேல செய்யுத கோர் நேரமில்லாம நிக்குது. அந்தக் காலாவதிய எடுத்துட்டேன்."

சர்வர் நிற்காமல் ஓடியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காபி குடிக்கச் சொன்னேன்.

"வேண்டாம். குத்தாலத்துல பாதிக் குளியல் மிச்சம் கெடக்கு" என்று கிளம்பினார்.

அது காலாவதியாகுமுன் போய்ச் சேர்ந்தாரா என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.