எங்கம்மாவுக்கு வந்த சீக்கோட பேரு

எனக்கு எழுபத்தி நாலு வயசு, அஞ்சு புள்ளைங்களை வளர்த்தேன். திருப்பதி ஆஸ்பத்திரியில எங்க அத்தைக்கு நெஞ்சு கர்ரு கர்ருன்னு இழுக்குது. டாக்டர் நிமோனியான்னாரு. நுரையீரல்ல சளி கட்டிக்குமாம், ஊசி போட்டா தேறிடுமாம்.

நான் சின்னப் புள்ளையா இருக்கையில, சித்தூரு வூட்டுல புளி தட்டிக்கினு இருந்த எங்கம்மா நெஞ்சும் இப்படித்தான் இழுத்துச்சி. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டப் போன நைனாவை அவரு தங்கச்சி, இந்த அத்தைதான் தடுத்தா.

"வேலைக்குப் பயந்து நடிக்கிறா அண்ணா."

விடியறதுக்குள்ள அம்மா போய்ட்டா.

இன்னைக்கு அத்தை காதாண்ட குனிஞ்சேன்.

"எங்கம்மாவுக்கும் நிமோனியாதான் அத்தை. நீ பொழைச்சிக்குவே. பொழைச்சி இதைக் கேட்டுக்கினே கெட."

அத்தை செவுத்துப் பக்கம் திரும்பிக்கினா. காது நல்லா கேக்குது அவளுக்கு.

பேத்தி சுமதி, நான் சொல்லி நீ எழுதினியே இந்தக் கதை, இதை அத்தை கட்டிலாண்ட நின்னு சத்தமா படி.