சொந்தக்காரன் ரத்தம் என்றாலும் கழுவித்தான் ஏற்ற வேண்டும்

நான் ஐந்தாவது வரை படித்தவள். கோபம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

என் ரத்தத்தில் ஓர் எதிர்ப்புச் சத்து கிடையாது. சாதாரண ரத்தம் ஏற்றினால் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்துவிடும், உப்புநீரில் கழுவிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்று மதுரை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன், ஜெயமங்கலத்தில் வரப்பில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணன் மகன் ரத்தம் கொடுத்தான். பையை மாட்ட வந்த நர்ஸிடம், "தாயி, எனக்குக் கழுவித்தான் ஏத்தணும்" என்றேன்.

"ரத்தத்தைத் துவைச்சுக் காயப்போட்டா ஏத்துவாக, ஆத்தா?" என்று அந்தப் பெண் சிரித்தது.

அண்ணன் மகனும் சேர்ந்துகொண்டான். "இதென்ன வெளியாள் ரத்தமா அத்த? ஒங்க அண்ணன் மகன் ரத்தம். அது ஒண்ணும் செய்யாது, சும்மா படு."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கையை நீட்டிவிட்டேன். கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், உதடு வீங்கி, மூச்சு அடைத்து, கண் இருட்டிவிட்டது. டாக்டர் ஓடிவந்து பையைக் கழற்றி, ஊசி போட்டுக் காப்பாற்றினார். பிறகு மதுரையிலிருந்து கழுவிய ரத்தம் வந்தது.

கண் விழித்தால், "மொதல்லயே வெவரமாச் சொல்றதுக்கென்ன?" என்று என்னையே வைகிறார்கள். சொன்னேனே! கிழவி சொன்னால் அது பேச்சில்லையா?

இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வார்டுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன். டாக்டர் வந்து சீட்டில் எழுதும்வரை கையைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.