மல்லாட்டைக்கு எத்தனை எழுத்து?

இந்த ஜெர்மன் ஊரில் நண்பகலில் அலுவலகத் தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் "மால்சைட்" என்பார்கள். சாப்பாட்டு நேரம் என்று பொருள். வந்த புதிதில், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களாக்கும் என்று நின்று, இன்னும் இல்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெறும் வணக்கம்தான் என்று பக்கத்து மேசைக்காரர் உவே சொன்னார். நாங்கள் பயன்படுத்தும் கணினி நிரல்மொழியைப் பராமரிக்கும் குழுவிலும் அவர் இருந்தார்.

அந்த மொழி இலவசம். யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்தபோது, நானும் தோழி ஸ்டெல்லாவும் விழுப்புரம் பிரௌசிங் சென்டரில் அதைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறுவோம். பிறகு நான் இங்கே வந்துவிட்டேன். கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பெற்றோரை விட்டு வர அவளுக்கு மனமில்லை. திண்டிவனத்திலேயே, தமிழில் படித்த பிள்ளைகளுக்காக ஒரு கணினிப் பயிற்சி மையம் தொடங்கினாள்.

ஒருநாள் போனில் கொதித்தாள். "கலா, பேஜாரா இருக்குதுடி. தமிழ்ல பேரு வெச்சி நிரல் எழுதனா, தப்பு ஒரு எடத்துல இருக்குது, கம்ப்யூட்டரு போடற அம்புக்குறி வேற எடத்த காட்டுது. புள்ளைங்க நல்லா இருக்கறத அழிச்சிக்கினு ஒக்காந்திருக்குதுங்க. ரெண்டு பேரு நின்னே போயிட்டாங்க. தமிழே வேணாம், இங்கிலீஷ்ல எழுதுங்கன்னு சொல்லிடட்டுமா?"

"கொஞ்சம் பொறு" என்றேன்.

அவள் அனுப்பிய வரியில் மல்லாட்டை என்று இருந்தது, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். உவேயிடம் காட்டி, ஐந்து எழுத்து என்றேன். அவர் கணினியைக் கேட்டார். ஒன்பது என்றது. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணி, அம்புக்குறியைத் தள்ளி வைத்திருந்தது.

"அப்படியானால் அலங்காரக் குறிகள் நான்கு" என்றார் உவே.

"அலங்காரம் இல்லை. எடுத்துவிட்டால் சொல்லே இருக்காது."

அவருக்குப் புரியவில்லை. உங்கள் பெயரில் முதல் எழுத்தை அலங்காரமென்று எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கோபப்பட்டேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். கோபம்தான், மறுக்கவில்லை.

எழுத்துகளைச் சரியாக எண்ணும்படி அந்த மொழியைத் திருத்தியும் அம்பு கொஞ்சம் விலகியே நின்றது. நம் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை. கடைசியில், தவறான சொல்லையே அடுத்த வரியில் எடுத்துக் காட்டும்படி மாற்றிக் குழுவுக்கு அனுப்பினேன். குழுவில் ஒருவர், இத்தனை சிறிய விஷயத்துக்கா என்று எழுதினார். உவே எனக்காக வாதாடினார். சில வாரங்களில் ஏற்றுக்கொண்டார்கள்.

"இப்ப சரியா காட்டுதுடி" என்று ஸ்டெல்லா சொன்னபோது, பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. நின்றுபோன இருவரில் ஒருத்தி திரும்பி வந்திருந்தாள்.

அந்தக் கோடையில் இங்கே நடந்த நிரலாளர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். மேடைத் திரையில் என் பெயருக்குக் கீழே 'இந்தியா' என்று போட்டிருந்தார்கள். அடுத்த மாதம் விடுமுறையில் திண்டிவனம் போனேன். ஸ்டெல்லாவின் வகுப்புக் கரும்பலகையில், 'ஜெர்மனியிலிருந்து சிறப்பு விருந்தினர்' என்று எழுதியிருந்தது.

"ஏண்டி, நான் விருந்தாளியா?"

"பின்ன? பத்து நாள்ல கெளம்பிடுவல்ல?" என்று சிரித்தாள்.

ஜெர்மனியைக் கையால் அழித்தேன். அந்த இடத்தில் திண்டிவனம் என்று எழுதச் சாக்பீஸ் எடுத்தேன், அந்தப் பத்து நாள் நினைவுக்கு வர, கீழே வைத்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலியாக விட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.