ஜாக்கெட் அளவுகளும் டாஸ் கம்ப்யூட்டரும்

தி. நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் நானும் என் கணவரும் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருந்தோம். வெட்டுவது அவர். அளவெடுப்பது நான். மாம்பலத்தில் மாலை வகுப்புக்குப் போய் டேட்டாபேஸ் படித்துவிட்டு, வாடிக்கையாளர்களின் அளவுகளை ஏற்றிவைக்க நானே ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். பெயரைத் தட்டினால் கழுத்து இறக்கம், கை நீளம், இடுப்பு எல்லாம் கறுப்புத் திரையில் வந்து நிற்கும். அளவு ஜாக்கெட்டைத் தேடிக் கொண்டுவர வேண்டாம் என்பதற்காகவே அடையாறிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

ஊரே விண்டோஸுக்கு மாறிய பிறகும் நான் அந்தக் கறுப்புத் திரை டாஸிலேயே இருந்தேன். கணவருக்கு அது மனக்குறை. ஒரு தீபாவளி நெருக்கத்தில் என்னிடம் சொல்லாமலே புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவந்துவிட்டார். பழையதை அன்று காலையே சைதாப்பேட்டையில் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அளவுகளும் ப்ரோக்ராமும் ஃப்ளாப்பியில் இருந்ததால் நானும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன்.

ப்ரோக்ராம் திறக்கவில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நான் எதையும் வகுக்கச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரை மாட்ட வந்தவர் வெகுநேரம் தட்டிப் பார்த்தார். “மிஷின் நல்லாத்தான் கீதுக்கா. ரொம்ப ஸ்பீடு. உங்க பழைய சாஃப்ட்வேர் அந்த ஸ்பீடைத் தாங்கமாட்டேங்குது.”

“வேகமா இருந்தா நல்லதுதானே?” என்றார் கணவர்.

“மத்ததுக்கு நல்லது சார்.”

அந்த நேரம் பார்த்து மயிலாப்பூர் மாமி ஒருவர் பட்டுத்துணியோடு படியேறி வந்தார். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பெண் பூனாவில் வேலை பார்க்கிறாள், முதல்நாள்தான் வந்து சேருவாள். “அளவு ஜாக்கெட் எடுத்துண்டு வரலை. கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னேளே,” என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மாமிக்குக் காபி வாங்கிக்கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிச்சயதார்த்தச் சமையல்காரர் பற்றி எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, கீழே வாசலில் ஆட்டோ வந்து நின்றது, எட்டிப் பார்த்தேன். மடியில் மானிட்டரும் காலிடுக்கில் பெட்டியுமாக அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“அக்கா பிள்ளைங்க கேம் விளையாடிக்கிட்டிருந்துச்சு. பாதியில பிடுங்கிட்டு வந்துட்டேன்,” என்றார் வருத்தத்தோடு.

மாட்டிப் பெயரைத் தட்டினேன். பெண்ணின் அளவு வந்தது. மாமி திரையை எட்டிப் பார்த்து, “கையை மட்டும் ஒரு விரக்கடை குறைச்சுடுங்கோ. இப்பல்லாம் அப்படித்தான் போட்டுக்கறா,” என்றார்.

மாமி போன பிறகு கணவர் மெதுவாகக் கேட்டார்: “புதுசு பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்கு. எனக்காக வாங்கினீங்கல்ல. ஆனா தீபாவளி வரைக்கும் கடை இந்தப் பழசுலதான் ஓடணும்.”

புதியதை மேஜையின் மறுகோடிக்கு நகர்த்தி வைத்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அதில் சீட்டு விளையாடப் பழகினார். பெரும்பாலும் தோற்றார். நான் என் பக்கத்தில் அளவுகளைத் தட்டிக்கொண்டிருப்பேன். எந்தச் சீட்டை எங்கே வைப்பது என்று அவ்வப்போது என்னைக் கேட்பார், எனக்கும் தெரியாது.