நூற்று நாற்பதாவது வரிக்குக் கீழே

ஐம்பதை நெருங்கும் வயதில் மேக்ரோ எழுதினேன். எழுதினேன் என்பதுகூட மிகை. எக்செல்லில் ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, அது பார்த்துக்கொண்டிருக்க, ஒருமுறை வடிகட்டிக் காட்டினேன். மீதியை அது மனப்பாடம் செய்துகொண்டது.

போர்ட் பிளேரில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் இடமாற்ற விண்ணப்பங்களில், வெளித்தீவில் இரண்டு வருடம் முடித்தவர்கள், குடும்பம் இங்கே இருப்பவர்கள் என்று சலித்துத் தனித் தாளில் ஒட்ட எனக்கு இரண்டு நாள் ஆகும். இப்போது ஒரே பொத்தான். அதற்குப் பச்சை வண்ணம்கூடப் பூசியிருந்தேன். பக்கத்து இருக்கை அம்மாவுக்கு மூன்று முறை அழுத்திக் காட்டினேன். மூன்றாம் முறை அவர் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார்.

பட்டியலைக் கையெழுத்துக்கு மாடிக்கு அனுப்பிய அன்று, கார் நிக்கோபாரிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். அந்த வாரத்தில் மூன்றாவது முறை.

“சார், லிஸ்ட்ல என் பேரு வந்திருக்கா?”

“இல்லையேம்மா.”

“ரெண்டு வருஷம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே சார். பாப்பா அவ அப்பாகூட அங்க போர்ட் பிளேர்ல, புரோத்ராபூர்ல இருக்கா. இப்பல்லாம் போன்ல என்கிட்டயே ஹிந்தியிலதான் பேசுறா.”

“கம்ப்யூட்டர் பார்த்த லிஸ்ட்மா. தப்பு வராது” என்றேன். லைன் கட்டானது. அந்தத் தீவின் சிக்னலுக்கு அன்று மனதார நன்றி சொன்னேன்.

பக்கத்து இருக்கை அம்மா நிமிர்ந்தார். “ஏன் சார், அந்தப் பொண்ணோட பேப்பரை நான்தானே டைப் பண்ணேன். லேட்டா வந்த கப்பல் தபால்ல இருந்துச்சு.”

“எங்கே டைப் பண்ணீங்க?”

“கடைசியிலதான். பின்ன, நடுவுலயா சொருகுவாங்க?”

திரையில் தாளின் அடிவரை போய்ப் பார்த்தேன். நான் ரெக்கார்ட் செய்த நாளில் விண்ணப்பங்களின் வரிசை நூற்று நாற்பதாவது வரியில் முடிந்திருந்தது. மேக்ரோவைப் பொறுத்தவரை உலகமும் அங்கேயே முடிந்துவிட்டது. கடல் சரியில்லாமல் கப்பல் ஒன்பது நாள் தாமதம். அதில் வந்த ஏழு கார் நிக்கோபார் விண்ணப்பங்களும் அந்த வரிக்குக் கீழே கிடந்தன. தூரத்தில் கிடப்பவர்களுக்காகப் போடும் பட்டியலில், கப்பலே நேரத்துக்கு வராத தூரத்தில் இருந்தவர்களை மட்டும் கச்சிதமாக விட்டிருந்தேன்.

“சைன் ஆயிடுச்சுன்னா அடுத்த வருஷம்தான் சார்” என்றார் அம்மா.

மாடிப்படி ஏறினேன். ஓடினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் என் முழங்கால் சாட்சிக்கு வராது. கையெழுத்துப் போடும் அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். என்ன காரணமோ, அந்த மொழியில் என் தப்பு இன்னும் பெரிதாகக் கேட்டது.

அவர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். “அப்னே மஷீன் கோ போலோ, நீச்சே பீ தேகே.” உன் மிஷினைக் கீழேயும் பார்க்கச் சொல். நாலு மணிவரை நேரம் கொடுத்தார்.

கடைசி வரி எதுவோ அதுவரை போகும்படி மேக்ரோவைத் திருத்தினேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். விட்டுப்போன ஏழு பேரில் மூவர் தேறினார்கள்; பத்தொன்பது பேர் இருபத்திரண்டு ஆனார்கள். நம்பிக்கை போதாமல் ஸ்கேல் வைத்துக் கையாலும் ஒருமுறை சரிபார்த்தேன். நாலுக்குப் பத்து நிமிடம் முன்பு கையெழுத்தானது.

நானே போன் செய்தேன். “லிஸ்ட்ல இருக்கீங்கம்மா. தப்பு என்னுதுதான்.”

 

“அதுல இருக்கிற மாதிரியே என் பேரை வாசிங்க சார்.”

வாசித்தேன். வரிசை எண், பதவி, தீவு, எல்லாம் சேர்த்து.

“இன்னொரு தடவ, சார்.”


வாசித்தேன்.