குனிந்தால் விழும் பொம்மை

ஒசாகாவில் ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனி. புது விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் அங்கே பதினாறு வருஷமாகக் குனிகோவின் வேலை. பெயர்தான் குனிகோ, மனசு யாரிடமும் சுலபத்தில் குனியாது. இலையுதிர்காலக் கண்காட்சியில் மேடையேறி ஆடிக்காட்டுவது எப்போதும் அவள்தான்.

இந்த வருஷம் சிகுசா வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்து நாலு. மணிக்கட்டிலும் இடுப்பிலும் சென்சார் பட்டையைக் கட்டிக்கொண்டு அவள் நடந்தால், புது விளையாட்டின் திரையில் பொம்மை ஆற்று மரப்பாலத்தின் மேல் பூனை மாதிரி போகும். குனிகோவின் பொம்மை தள்ளாடும். ஆபீஸே சிகுசாவைச் சுற்றி நின்றது. குனிகோவுக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் தோமிதா சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணா ஆடுங்க. யாரு முதல்ல ஆத்தைத் தாண்டுறாங்களோ, அவங்க மேடைக்கு."

குனிகோவுக்கு ஒன்று தெரியும். ஆடுகிறவர் இடுப்பை வளைத்து வணங்கினால் பொம்மை ஆற்றில் பாய்ந்துவிடும். போன மாதமே எழுதிக் கொடுத்திருந்தாள். "ஆடும்போது யாருங்க வணக்கம் வைக்கப் போறா?" என்று தோமிதா சிரித்து ஒதுக்கிவிட்டார்.

பாதிப் பாலத்தில் சிகுசா முந்தினாள். குனிகோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தேனொழுகச் சொன்னாள்: "சிகுசா-சான், உங்கள மாதிரி ஆடுறவங்கள இந்தப் பதினாறு வருஷத்துல நான் பார்த்ததே இல்ல."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க" என்று பதறிய சிகுசா இடுப்பு வளைய வணங்கினாள். அவள் பொம்மை ஆற்றில் விழுந்தது. குனிகோவுக்கு உள்ளம் குளிர்ந்தது. தன் பொம்மையை நடத்திக்கொண்டே போனாள்; கரைக்கு இன்னும் நாலே அடி.

சிகுசா கண் கலங்கப் பக்கத்தில் வந்து, இன்னும் ஆழமாக வணங்கினாள்.

"தோத்தது பரவாயில்லக்கா. சேர்ந்த நாள்லேர்ந்து நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. என்னைப் பிடிக்கலியோன்னு தினமும் நெனைச்சேன்."

எதிரே ஒருத்தி அப்படி நிற்கும்போது நிமிர்ந்து நிற்க அந்த ஊர் இடுப்புக்குத் தெரியாது. குனிகோவும் வணங்கினாள். தொப்பென்று சத்தம் கேட்டது. திரையில் தண்ணீர் மட்டும் அலையடித்தது.

தோமிதா தலையைச் சொறிந்தார். "குனிகோ-சான், அன்னைக்கு எழுதிக் கொடுத்தீங்களே, அது இதுதானா?"

சிகுசா மெல்ல நிமிர்ந்தாள். "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

குனிகோ மறுபடி குனிந்தாள். பட்டையைக்கூட அவிழ்க்கவில்லை.

"மேடைக்கு நீயே போம்மா" என்று தரையைப் பார்த்தே சொன்னாள். வெகுநேரம் நிமிரவில்லை.